புட்டியில் அடைத்த சர்க்கரையும் சட்டியில் வெந்த கீரையும்

முதல் ஷிப்டு முடிந்து இரண்டாம் ஷிப்டு ஏறுகிற நேரத்தில் ஏதாவது ஒரு பஞ்சாலை கேட்டுக்கு எதிரே போய் நின்று பாருங்கள். பெட்டிக்கடையில் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் கறுப்பு, ஆரஞ்சு, பச்சை என்று கலர் புட்டிகள் வரிசையாக நிற்கும். அந்தப் பெட்டி பல இடங்களில் கடைக்காரர் காசு போட்டு வாங்கியதல்ல. கம்பெனியே கொண்டுவந்து வைத்தது. எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியிலும் புழுக்கத்திலும் நின்ற தொழிலாளி வெளியே வருகிறான். பத்து ரூபாயை நீட்டுகிறான். புட்டியை வாயில் கவிழ்க்கிறான். "அப்பாடா, இப்போதுதான் தெம்பு வந்தது" என்கிறான்.

அந்தத் தெம்பு எது? எவ்வளவு நேரம் நிற்கும்? அதற்குப் பதிலாக அவன் வீட்டுச் சட்டியில் எது குறைந்துபோகிறது? இதைத்தான் இந்த வாரம் மில் தொழிலாளித் தோழர்களோடும் விவசாயக் கூலித் தோழர்களோடும் பேச விரும்புகிறோம். போனஸ், பஞ்சப்படி பற்றி எழுதுகிற இடத்தில் கத்தரிக்காய்க்கு என்ன வேலை என்று சிலர் சிரிக்கலாம். கத்தரிக்காயும் கூலிப் பிரச்னைதான் தோழர்களே! எப்படி என்று பார்ப்போம்.

முதலில் புட்டிக்குள் இருப்பது என்ன? கோலா வகைப் பானத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. இது நாம் கட்டிவிட்ட கதையல்ல. புட்டியின் மேலேயே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். 250 மில்லிப் புட்டி ஒன்றில் சுமார் 26 கிராம். தலைதட்டிய டீக்கரண்டியில் அளந்தால் ஆறு கரண்டி. டீக்கடையில் ஒரு கிளாசுக்கு ஆறு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தால் நாம் குடிப்போமா? பாகு காய்ச்சியிருக்கிறாயா என்று மாஸ்டரிடம் சண்டைக்குப் போவோம். கலரில் மட்டும் அது நாக்குக்குத் தெரிவதில்லை. குளிர்ச்சியும், காஸும், பாஸ்பாரிக் அமிலத்தின் புளிப்பும் சேர்ந்து தித்திப்பை மூடிவிடுகின்றன. மீதி தண்ணீர், நிறம், வாசனை, காப்பியில் இருக்கிற கேபின் கொஞ்சம். அவ்வளவுதான் சரக்கு.

சர்க்கரையால் 105 கலோரி சக்தி கிடைக்கிறது. இதை நாம் மறுக்கவில்லை. சக்தி கிடைப்பது உண்மை. சீக்கிரம் கிடைப்பதும் உண்மை. ஆனால் புரதம் இல்லை. இரும்புச் சத்து இல்லை. சுண்ணாம்புச் சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வைட்டமின் இல்லை. நார்ச்சத்து இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் ஒரு வரம்பு கட்டியது. 2000 கலோரி சாப்பிடுகிறவர் உணவிலும் பானத்திலும் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளைக்கு 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது என்றது. ஒரே புட்டியில் அந்த 25 தீர்ந்துபோகிறது. காலையிலிருந்து குடித்த நாலு டீயின் கணக்கு தனி.

வேர்வை சிந்துகிறவனுக்குத் தாகம் தீர வேண்டாமா என்று கேட்கலாம். தீரத்தான் வேண்டும். வேர்வையில் போவது தண்ணீரும் உப்பும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு வீட்டில் கலந்து கொடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசல் நமக்கெல்லாம் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீக்கரண்டி சர்க்கரை, அரை டீக்கரண்டி உப்பு. கம்பெனிக்காரன் அதே ஆறு கரண்டியைக் கால் லிட்டரில் போடுகிறான். உப்பையோ பேருக்குத்தான் போடுகிறான். இவ்வளவு கெட்டியான சர்க்கரைத் தண்ணீர் குடலில் இறங்கி உடம்பில் சேர்வதும் தாமதம். நடவுக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியில் கொண்டுபோகிற நீராகாரம், உப்புப் போட்ட மோர், இவை இரண்டும் அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமானவை. செலவும் குறைவு. அதனால்தானோ என்னவோ அவற்றுக்குச் சினிமா நடிகர் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

இனி சட்டிக்கு வருவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் காய்கறி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 300 எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம். அதில் 125 கிராம் முளைக்கீரையோ அரைக்கீரையோ. மீதி கத்தரி, வெண்டை, அவரை, பூசணி என்று சந்தையில் கிடைப்பது. இதைக் கலோரியில் எடைபோட்டால் ஏறக்குறைய 100-தான் வரும். அதாவது ஒரு புட்டி கலரும் 300 கிராம் காய்கறியும் கலோரிக் கணக்கில் சரிக்குச் சரி! இங்கேதான் சூது இருக்கிறது. கலோரி ஒன்றையே கணக்காக வைத்துக்கொண்டால், ஒரு பானை கூட்டுக்கும் ஒரு புட்டிக்கும் பேதமில்லை என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதிக் கொடுத்துவிடலாம்.

பேதம் மற்றதில் இருக்கிறது. அந்த 125 கிராம் கீரையில் மட்டும் 400 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து. இரும்புச் சத்து 5 மில்லிகிராம் அளவுக்கு. முருங்கைக்கீரையாக இருந்தால் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பும், 6 கிராம் புரதமும் உண்டு. பசும்பால் 100 மில்லியில் இருக்கிற சுண்ணாம்பு 120 மில்லிகிராம்தான் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கீரையிலும் மஞ்சள் பூசணியிலும் உள்ள கரோட்டின் உடம்பில் வைட்டமின் ஏ ஆகிறது. அது குறைந்தால் மங்கிய வெளிச்சத்தில் கண் தெரியாது. ராத்திரி ஷிப்டில் அறுந்த இழையைத் தேடி ஒட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெண்டையும் அவரையும் கத்தரியும் தருகிற நார்ச்சத்து மலச்சிக்கலைப் போக்குகிறது; சாப்பிட்ட சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் ஒரேயடியாக ஏறாமல் தடுக்கிறது.

கீரையில் இருப்பது பூராவும் உடம்பில் சேர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. முளைக்கீரை, பசலை போன்றவற்றில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்பில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீரையின் இரும்பிலும் சிறு பகுதிதான் ரத்தத்தில் சேரும். ஒரு மூடி எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறைந்துபோகும். இவ்வளவு கழித்துப் பார்த்தாலும் மிச்சம் இருக்கிறது. புட்டியிலோ கழிப்பதற்கே ஒன்றும் கிடையாது.

நம் வீடுகளில் சோற்றுக் குறை முன்போல் இல்லை. ரேஷன் அரிசி வருகிறது, வயிறு நிறைகிறது. குறைவது தொட்டுக்கொள்ளத்தான். 2019-21-இல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. இன்னொரு பக்கம், இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் சொன்னது. பணக்கார வியாதி என்று ஒருகாலத்தில் பெயர் வாங்கியது இன்று கூலிக்காரர் வீட்டிலும் மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் இரும்பு இல்லை, சர்க்கரை மட்டும் உண்டு என்றால் சாப்பாட்டுத் தட்டில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லையா?

காய்கறியின் அருமையை நமக்குச் சொல்லவந்தது யாரோ புதுசாக வந்தவர்கள் அல்ல. நம் நீலகிரிக் குன்னூரிலேயே அது பரிசோதித்துக் காட்டப்பட்டது. 1920-களில் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் அங்கே எலிகளைக் கூண்டில் வளர்த்து, ஒவ்வொரு கூண்டுக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி ஜனங்களின் ஆகாரத்தைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் ஆகாரம் தின்ற எலிகள் முதலிடத்தில் நின்றன. அரிசியே பிரதானமாக, மற்றதெல்லாம் பேருக்கு என்றிருந்த சென்னை மாகாண ஆகாரம் தின்றவை கடைசியில் நின்றன. அவருக்குப் பின் அதே குன்னூர் ஆராய்ச்சிசாலைக்குத் தலைமை வகித்தவர் டாக்டர் அய்க்ராய்ட். இந்திய உணவுகளில் எதில் எவ்வளவு சத்து என்று 1937-இல் அவர் அட்டவணை போட்டு வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிசாலை 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. ஆனால் அய்க்ராய்டின் பெயர் தொழிலாளியின் கூலிப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இதுதான் நம் விஷயத்தின் முக்கியமான இடம்.

1957-இல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மகாநாடு, குறைந்தபட்சக் கூலி என்பது தேவையை அடிப்படையாகக் கொண்டது என்று முடிவு செய்தது. ஒரு தொழிலாளியின் குடும்பம் மூன்று ஆள் கணக்கு. அவர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு டாக்டர் அய்க்ராய்ட் சொன்ன அளவு, வருஷத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு, விளக்குக்கு 20 சதவீதம். இந்தக் கணக்கு இன்றுவரை பெரிய வழக்குகளிலும் கமிஷன்களிலும் பேசப்படுகிறது. சென்னையில் ஒரு கம்பெனித் தொழிலாளர்கள் நடத்திய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1991-இல் இதை ஒப்புக்கொண்டு, குழந்தைகள் படிப்பு, வைத்தியம் முதலானவற்றுக்கு இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது. மத்திய சர்க்கார் ஊழியருக்கான ஏழாவது சம்பளக் கமிஷன் 2015-இல் குறைந்தபட்சச் சம்பளம் 18,000 ரூபாய் என்று நிர்ணயித்ததும் இதே அளவுகோலை வைத்துத்தான்.

அந்தக் கமிஷன் அட்டவணையில் காய்கறி என்ன இருக்கிறது தெரியுமா? கீரை, பச்சைக் காய்கறி, மற்றவை எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 300 கிராம். குடும்பத்துக்கு மாதம் 27 கிலோ. (தொழிலாளி முழு ஆள், அவன் மனைவி 0.8 ஆள், குழந்தை ஒவ்வொன்றும் 0.6 ஆள் என்று கூட்டி மூன்றாக்கியிருக்கிறார்கள். இடுப்பொடிய நாற்று நடுகிற பெண் எந்தக் கணக்கில் முழு ஆளுக்குக் குறைந்தவள் என்று நமக்கு விளங்கவில்லை. அது வேறு சண்டை.)

தோழர்களே, உங்கள் வீட்டில் மாதம் 27 கிலோ காய்கறி வாங்குகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்வந்த பையை ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு கிலோவுக்கு மேல் இருந்தால் கணக்குச் சரி. மூன்று கிலோதான் என்றால், காகிதத்தில் ஒப்புக்கொண்ட கூலியில் பாதிக் கீரைக்கட்டு உங்கள் கைக்கு வரவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தைத்தான் பத்து ரூபாய்ப் புட்டியும், ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டு மிக்ஸரும், ஊறுகாய்ச் சாஷேயும் நிரப்புகின்றன. கலோரி குறையவில்லை, ஆள் மட்டும் உள்ளுக்குள் காலியாகிறான்.

அறிவில்லாமல் குடிக்கிறார்கள் என்று படித்தவர்கள் சிலர் நம் ஜனங்களை ஏசுகிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். ஒரு கட்டுக் கீரை ஊருக்கு ஊர் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் கீரையைக் கடைத்தெருவில் நின்று வாயில் கவிழ்க்க முடியாது. ஆய வேண்டும், அலச வேண்டும், நறுக்க வேண்டும். பருப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும், காஸ் அடுப்பு எரிய வேண்டும். மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, பஸ் பிடித்து வீடு சேர்ந்த பெண் தோழர் மறுபடியும் அடுப்படியில் நிற்க வேண்டும். அவருக்கு அந்த ஒரு மணி நேரத்தை யார் கொடுத்தார்கள்? ஆண் தோழர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கீரை ஆய்வதற்கு ஆண் பெண் பேதம் எதுவும் கிடையாது.

திண்டுக்கல் ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் தமிழ்நாட்டின் பெரிய காய்கறி மார்க்கெட்டுகளில் ஒன்று. அங்கிருந்து லாரி லாரியாகக் கேரளத்துக்கு ஏற்றுகிறார்கள். அதே ஜில்லாவில் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்கள் நிற்கின்றன. தக்காளி அமோகமாக விளைந்துவிட்டால் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று விவசாயி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார். விளைச்சல் விழுந்துவிட்டால், 2023 ஜூலையில் பார்த்தோமே, கிலோ 100 ரூபாய்க்கு மேல் ஏறி, ரசத்துக்கே தக்காளி இல்லாமல் போகிறது. காயைப் பறித்த கூலிக்காரப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோவது சொத்தைக் கத்தரியும் முற்றிய வெண்டையும். வரப்பில் தானாக முளைத்த குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி ஒருகாலத்தில் அவள் வீட்டுக் குழம்பு. களைக்கொல்லி அடித்த வயல்களில் அதுவும் கருகிப்போனது. புட்டியைக் கெடாமல் வைக்கத் தெருவுக்குத் தெரு குளிர்பெட்டி இருக்கிறது. தக்காளியை நாலு நாள் காப்பாற்றுவதற்கு எத்தனை ஊரில் குளிர்கிடங்கு இருக்கிறது?

புட்டி ஏன் இத்தனை மலிவு என்பதையும் கேட்க வேண்டும். இந்தப் பானங்களுக்கு 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்தே மொத்தம் 40 சதவீத வரி. வரியைக் கட்டிவிட்டு, லாரி வாடகை, கடைக்காரர் கமிஷன், கிரிக்கெட்காரர்களுக்கும் நடிகர்களுக்கும் கூலி, கம்பெனி லாபம் எல்லாம் போக 200 மில்லிப் புட்டியைப் பத்து ரூபாய்க்கு விற்க முடிகிறது என்றால் உள்ளே இருக்கிற சரக்கின் பெறுமானம் என்ன? சர்க்கரை 21 கிராம். கடை விலைக்கு வாங்கினாலும் ஒரு ரூபாய்க்குள் அடங்கும். பாக்கி தண்ணீர். அந்தத் தண்ணீர் யாருடையது? பாலக்காடு ஜில்லா பிளாச்சிமடையில் 2000-இல் கோகோ கோலா ஆலை திறந்தார்கள். கிணறுகள் வற்றின, தண்ணீர் கெட்டது என்று ஆதிவாசி மக்கள் 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். மயிலம்மா என்ற ஆதிவாசித் தாய் முன்னால் நின்றார். 2004 மார்ச்சில் ஆலை மூடியது. காய்கறிப் பாத்திக்குப் பாய வேண்டிய தண்ணீர் அது.

குடிதண்ணீர் சரியாக வராத ஊரில் இந்தப் பானமே குடிதண்ணீராகிவிடும். மெக்சிகோ தேசத்தில் இது நடந்தது. அங்கே சியாபாஸ் என்ற மலைப் பிரதேசத்தில் சான் கிறிஸ்தோபல் என்ற ஊர். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும். பக்கத்திலேயே கோலா ஆலைக்கு நிலத்தடி நீர் எடுக்க அனுமதி. ஏழை ஜனங்கள் சாப்பாட்டோடு கோலா குடிக்கப் பழகிப்போனார்கள். மெக்சிகோவில் கோகோ கோலா கம்பெனிக்குத் தலைமை வகித்த விசென்தே பாக்ஸ் 2000-இல் அந்தத் தேசத்துக்கே ஜனாதிபதி ஆனார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 2014-இல் வேறு வழியில்லாமல் அந்த சர்க்கார் லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. விற்பனை கொஞ்சம் இறங்கியது. 2016-இல் சர்க்கரை வியாதிக்காக அவசர நிலை அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

அந்நியக் கம்பெனி என்பதால்தான் இந்த எதிர்ப்பா என்று கேட்பவர்கள் உண்டு. 1977-இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனது. 1993-இல் திரும்பி வந்தது. இடையில் இருந்த 16 வருஷமும் நாம் வேறு பெயரில் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்தோம். 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது தண்ணீருக்காகவும் நம் வியாபாரிகளுக்காகவும் அதை வரவேற்றோம். ஆனால் உடம்புக்குச் சுதேசிச் சர்க்கரை, விதேசிச் சர்க்கரை என்ற பேதம் தெரியாது. 2023-இல் அம்பானி கம்பெனி பழைய கேம்பா கோலாவைத் தூசி தட்டிப் பத்து ரூபாய்க்கு இறக்கியது. அதனால் எந்த வீட்டுக் குழம்பிலும் ஒரு முருங்கைக்காய் கூடவில்லை.

விருந்தாளி வந்தால் கலர் வாங்கி வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்கிறார்கள். திருவிழாவுக்கு ஒரு நாள் குடித்தால் குடி முழுகாது. நாம் பேசுவது தினப்படி ஷிப்டு முடிந்ததும் குடிக்கிற புட்டியைப் பற்றி. குழந்தை அழுகிறதென்று கையில் கொடுக்கிற புட்டியைப் பற்றி.

மில் தொழிலாளர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அதுதான் கான்டீன். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலைகளில் கான்டீன் வைக்கச் செய்ய வழி இருந்தது. அதன் நிர்வாகக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதியும் உண்டு. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு வேறு எத்தனையோ விஷயங்களில் தொழிலாளிக்குப் பாதகம் செய்தாலும், கான்டீனுக்கு 100 பேர் போதும் என்கிறது. காண்டிராக்ட் தொழிலாளியையும் அந்த நூறில் சேர்க்கிறது. ஆகவே கான்டீன் உள்ள இடங்களில் சங்கம் கேட்க வேண்டியது சலுகை விலைச் சாப்பாடு மட்டுமல்ல. அந்தச் சாப்பாட்டில் காய் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

சாம்பாரில் முருங்கைக்காய் மிதக்கிறதா, மூழ்கிவிட்டதா என்று வாளிக்காரரோடு சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை. காண்டிராக்டருக்குக் கொடுக்கிற ஒப்பந்தத்தில் எழுதச் செய்ய வேண்டும்: ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 100 கிராம் காய்கறி, நறுக்கிச் சுத்தம் செய்த எடையில். வாரம் மூன்று நாள் கீரை. 200 பேர் சாப்பிடுகிற மில்லில் தினம் 20 கிலோ. கொள்முதல் நோட்டை வாரம் ஒருமுறை கமிட்டி பார்க்கலாம். கான்டீனில் கம்பெனிக் குளிர்பெட்டி இருந்தால் அதை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் மோர்ப்பானை வைக்கலாம். ராத்திரி ஷிப்டுக்கும் இதே அளவு வேண்டும். இரவில் வருகிறவர்களுக்கு மீந்த சோறும் தண்ணீர்ச் சாம்பாரும் என்ற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது.

வயலில் வேலை செய்கிறவர்களுக்குக் கான்டீன் இல்லை. அவர்கள் கூலிப் பேச்சில் சாப்பாட்டுப் பங்கு கேட்கிற வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. சோறும் குழம்பும் என்று மட்டும் பேசி முடிக்காமல் பொரியலும் என்று பேச வேண்டும். காய் பறிக்கிற வேலையாக இருந்தால் கூலியோடு ஆளுக்கு ஒரு கிலோ நல்ல காய், சொத்தை அல்ல என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சமைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீரையை நறுக்கிய பிறகு அலசாதீர்கள், அலசிவிட்டு நறுக்குங்கள். வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதில் கரைந்த வைட்டமின் சாக்கடைக்குப் போகிறது. அதைக் குழம்பில் சேருங்கள். ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் தாளித்தால் கரோட்டின் உடம்பில் நன்றாகச் சேரும். நெடுநேரம் அடுப்பில் கொதிக்கவிட வேண்டாம். குழம்பு இறக்குகிற சமயத்தில் முருங்கைக்கீரையைப் போட்டு மூடிவைத்தால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். டீயைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.